கண்டது நாலு, காட்டியது பன்னிரண்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். விழுப்புரம் ஆபீசில் உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளரோடு போனில் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் இன்னொரு அழைப்பு வந்து வந்து நின்றது. ‘தாஸ் கடை’ என்று திரையில் காட்டியது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தபோது பேசியவர் தாஸ் இல்லை, அவர் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். “சார், ஆரோக்கியதாஸ் சாரு மார வலிக்குதுன்னு உக்காந்தாருங்க. ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். போய்ச் சேர்றதுக்குள்ளயே…” என்றார். ஆரோக்கியதாசுக்கு வயது ஐம்பத்து மூன்றுதான்.

மறுநாள் திண்டிவனத்தில் அடக்கம். மாதா கோவிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெட்டியை இறக்கிய பிறகு ஆளுக்கொரு கைப்பிடி மண் போடுவதற்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற இருவரில் ஒருவர் மற்றவரிடம் மெதுவாகக் கேட்டார்: “எந்த தாஸுப்பா இவரு?” மற்றவர் சொன்னார்: “அதான், காலேஜில இன்டர்வியூ அன்னிக்கு கம்ப்யூட்டர் சர்வர படுக்க வச்சாரே, அவரு. பாவம், நல்ல மனுஷன்.” கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. ஒரு மனிதரை அடையாளம் காட்ட ஊரில் இருந்த விலாசம் அது. அந்த இடத்திலேயே நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் முறை வந்ததும் மண்ணைப் போட்டேன், கையைத் தட்டிக்கொண்டேன், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரிடம் கம்ப்யூட்டர் கற்றவர்கள், அந்தக் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவர் கடைக்கு ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று இதைப் படிக்கிற பலருக்கும் அந்த விலாசம் தெரியும். ஏழு வருஷமாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழி அவருடையது அல்ல. என்னுடையது. அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். நேரில் நாங்கள் ‘டா’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். எழுதும்போது ‘அவர்’ என்றுதான் வருகிறது, இருக்கட்டும்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்கு அப்போதே கல்யாணமாகி ரீட்டா என்று ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள். நான் கட்டைப் பிரம்மச்சாரி. நிலையத்தின் வாசலில் ‘எட்டு கம்ப்யூட்டர்கள்’ என்று பெரிய போர்டு இருந்தது. உள்ளே இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்து வயர் இழுத்து எட்டு மேசைகளில் எட்டுத் திரையும் எட்டு விசைப்பலகையும் வைத்திருந்தார்கள். தட்டுவது எட்டுப் பேர் என்றாலும் வேலை பார்ப்பது மூலையில் இருந்த அந்த ஒரு பெட்டிதான். பார்க்க வருகிறவர்கள் திரையை எண்ணிவிட்டுத் திருப்தியாகப் போவார்கள்.

ஒருநாள் காணை கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி தன் மகளைச் சேர்க்கக் கூட்டிவந்தார். “எட்டுமே புதுசுங்களா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தாஸ் சொல்லிவிட்டார்: “எட்டு இல்லிங்க. ஒன்னுதான். மீதியெல்லாம் டிவிப் பொட்டி மாதிரி. எட்டு பேரும் ஒன்னா உக்காந்தா மெதுவாத்தான் போவும். காலைல முதல் பேட்ச்ல சேருங்க, கூட்டம் இருக்காது.” அந்த மனிதர் யோசித்துச் சொல்கிறேன் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனார், எதிர்ப்பக்கம் இருந்த நிலையத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் முதலாளி கத்தினார்: “இன்னாய்யா, நீ எனக்கு வேலை செய்றியா, எதிர்க்கடைக்கு வேலை செய்றியா?” தாஸ் அசரவில்லை. “எட்டுன்னு சொல்லிச் சேத்துட்டு, அந்தப் பொண்ணு ஒரு எழுத்து தட்டிட்டு ஒரு நிமிஷம் காத்துக்கினு இருந்தா, யாரு சார் பதில் சொல்றது?” என்றார். எதிர்க்கடையிலும் ஒரு பெட்டிதான், எட்டுத் திரைதான். பிழைக்கத் தெரியாத ஆள் என்று அன்று நான் அவரைக் கிண்டல் பண்ணினேன்.

எண்ணுவதில் அவருக்கு ஒரு முரட்டுப் பிடிவாதம் இருந்தது. என் கல்யாணத்தில் பந்தி மேற்பார்வையை அவரிடம் கொடுத்திருந்தோம். என் மாமா மண்டபத்தில் உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணி, சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்களையும் எண்ணி, இரண்டையும் கூட்டிச் சமையல்காரரிடம் சொன்னார். இங்கே இருந்தவரே அங்கேயும் இருப்பார் என்பது மாமாவுக்குத் தோன்றவில்லை. தாஸ் போய்த் தடுத்தார். “மாமா, தலைய எண்ணாதீங்க, எலைய எண்ணுங்க” என்றார். அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. இன்றும் விசேஷ வீடுகளில் யாராவது ஒருவர் சொல்வார்.

பிறகு தாஸ் திண்டிவனம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். கல்லூரியின் பெயர் வேண்டாம், அதை மூடியும் விட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கல்லூரிக்குப் போய், லேப் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பின்னால் இருந்து வேலை பார்க்கும் சர்வர்களை அணைத்து, மூடியைத் திறந்து, ஷேவிங் பிரஷ்ஷால் தூசு தட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எண்ணுவார். ஒரு நீள நோட்டில் இரண்டு பத்தி போட்டிருப்பார். ஒன்றின் தலைப்பு ‘கண்டது’. மற்றதன் தலைப்பு ‘காட்டியது’. முதலாவது கண்ணால் எண்ணியது, இரண்டாவது திரை சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்று மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும். கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற பைபிள் சீடரை வைத்து, மாணவர்கள் அவருக்குச் சந்தேகத் தோமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். “மிஷின் பொய் சொல்லாது மணி. நாம எதக் கேட்டமோ அதுக்குத்தான் பதில் சொல்லும். தப்பாக் கேட்டுட்டு அது மேல பழி போடக்கூடாது” என்று என்னிடம் சொல்வார்.

நான் விழுப்புரத்தில் சொந்தமாக ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் தொடங்கினேன். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். நாங்கள் செய்தது ஒரே சாமான்தான். அதற்குக் ‘கண்காணி’ என்று பெயர் வைத்தோம். ஒரு கல்லூரியிலோ அலுவலகத்திலோ இருக்கும் சர்வர்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை பிராசசர் இருக்கிறது, எவ்வளவு வேலை ஓடுகிறது, இன்னும் எத்தனை பேர் தாங்கும் என்று கண்காணி ஒரே திரையில் காட்டும். பிராசசர்தான் கம்ப்யூட்டரில் உண்மையில் வேலை பார்க்கும் மூளை. எத்தனை பிராசசரோ அத்தனை வேலையாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மிஷினையும் “உனக்குள் எத்தனை?” என்று கேட்டு, வந்த பதில்களைக் கூட்டிக் காட்டும்படி நான்தான் எழுதினேன். முதல் ஆளாகத் தன் கல்லூரியில் அதைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர் தாஸ்.

அந்தச் சமயத்தில்தான் ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் மிஷின்களை உண்டாக்கும் ஏற்பாடு எங்கள் பக்கத்துக்கு வந்தது. இரும்புப் பெட்டி ஒன்றுதான். உள்ளே மூன்று மிஷின் இருப்பதுபோல மென்பொருள் ஏற்பாடு செய்துவிடும். மூன்றும் தன்னைத் தனி மிஷின் என்றே நினைத்துக்கொள்ளும். கல்லூரியில் புதிதாக வந்த சர்வரை அப்படித்தான் மூன்றாக்கினார்கள். பெட்டியில் இருந்த பிராசசர் நான்கு. “உனக்குள் எத்தனை?” என்று கண்காணி கேட்டதும், மூன்று மிஷினும் அதே நான்கைத் தன்னுடையது என்று சொல்லின. கண்காணி கூட்டியது. பன்னிரண்டு.

நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் இடம் கூட்டேரிப்பட்டு. நான் விழுப்புரத்திலிருந்தும் அவர் திண்டிவனத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து, நெடுஞ்சாலை ஓரப் பரோட்டாக் கடையில் உட்காருவோம். அன்று வந்ததும் வராததுமாக நோட்டை மேசைமேல் போட்டார்.

“இன்னாடா எழுதி வச்சிருக்க? உன் கண்காணி பன்னண்டுன்னு காட்டுது. மூடியத் திறந்து, மேல இருக்கற தகட்டக் கழட்டியே பாத்துட்டேன். சில்லு ரெண்டு. ஒவ்வொன்னுலயும் ரெண்டு மூளை. ஆக நாலு. மீதி எட்டு எங்கடா?”

“மிஷின் சொல்றதத்தான் அது காட்டுது. மூணு மிஷினு, ஆளுக்கு நாலு.”

அவர் கல்லில் பரோட்டா தட்டிக்கொண்டிருந்த மாஸ்டரைக் காட்டினார். “இந்தாளு காலைல செவப்பு சட்ட, மத்தியானம் பச்ச சட்ட, சாயங்காலம் நீலச் சட்ட போட்டுக்கினா மூணு மாஸ்டரு ஆய்டுவாரா? சட்டைய எண்ணிக்கினு இருக்குதுடா உன் சாஃப்ட்வேரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு என்று போட்ட அறிக்கையில் கையெழுத்திட்டு அதற்கு முந்தைய வாரமே கல்லூரித் தாளாளரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஏக சந்தோஷம், மேடையில் கூடச் சொன்னாராம். ஒண்ணாம் வகுப்புக் கூட்டலில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று திரும்பப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம் விடுடா, பேஜார் பண்ணாத” என்றேன். அவர் நோட்டைத் திறந்து என் கண் முன்னாலேயே எழுதினார். கண்டது நாலு. காட்டியது பன்னிரண்டு. மணியிடம் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு பெரிய கம்பெனி அந்தக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. அதுவரை அந்தப் பக்கமே வராத கம்பெனி. முதல் சுற்று, கம்ப்யூட்டரில் தேர்வு. மூன்று லேபிலும் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் எழுதலாம், சர்வர் தாங்கும் என்று என் அறிக்கை சொன்னது. தாஸ் முதல்வரிடம் போய், லேப் லேபாகப் பிரித்து நடத்தலாம் என்று கெஞ்சியிருக்கிறார். “சாஃப்ட்வேரே தாங்கும்னு சொல்லுது, அதவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

தேர்வு எழுதியவர்களில் ரீட்டாவும் ஒருத்தி. இறுதியாண்டு. வீட்டில் முதல் பட்டதாரி. அவள் மட்டுமா, அந்தக் கூடங்களில் இருந்த பாதிப் பேர் அப்பா அம்மா கழனி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளைகள்.

இருபது நிமிஷம்கூட ஓடவில்லை. திரைகள் ஒவ்வொன்றாக நின்றன. கேள்வி வரவில்லை, கடிகாரம் மட்டும் ஓடியது. நான் தாஸ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் முன்னால் கண்காணி மூன்று மிஷினையும் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. பாதி வேலைதான் ஓடுகிறது, இன்னும் இடம் இருக்கிறது என்றது. தாஸ் திரையைப் பார்க்கவே இல்லை. “ஒரு லேப நிறுத்துங்க, ஜல்தி, ஒரு லேப நிறுத்துங்க” என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர் ஓடிப் போவதற்குள் கம்பெனிக்காரர்கள் மடிக்கணினிகளை மூடிவிட்டார்கள். வேறு தேதி சொல்வதாகப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. பிள்ளைகள் படிக்கட்டுகளில் உட்கார்ந்து அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. தாளாளர், முதல்வர், தாஸ், நான். முதல்வர் என்னைக் கேட்டார்: “உங்க சாஃப்ட்வேர்ல எதாவது தப்பு உண்டா?” நான் சொன்னேன்: “அது சரியாத்தான் சார் வேலை செஞ்சது.” ஒரு வகையில் அது பொய்கூட இல்லை. நான் கேட்கச் சொன்னதை அது கேட்டது, கூட்டச் சொன்னதைக் கூட்டியது. அந்தச் சந்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன். எல்லோரும் தாஸைப் பார்த்தார்கள். நோட்டு அவர் கையிடுக்கில் இருந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும், என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் நோட்டைத் திறக்கவில்லை. “மிஷினு என் பொறுப்பு சார். நான் பாத்திருக்கணும்” என்றார். அன்றைக்கே வேலை போனது.

வெளியே கேட் அருகே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் பேசினார். “உன் ஆபீஸ்ல ஆறு பேரு. உன்னோட ஏழு. நான் ஒருத்தன். எண்ணிப் பாத்துக்க. போ, பஸ்ஸு வருது.” நானும் போனேன். நடந்தது அதுதான்.

அடுத்த வாரமே கண்காணியைத் திருத்தினேன். உண்மைப் பிராசசர் தனிப் பத்தி, மெய்நிகர் பிராசசர் தனிப் பத்தி. யோசனை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. போகிற இடத்திலெல்லாம் அந்தத் திரையைத்தான் பாராட்டினார்கள். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். தாஸ் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை போட்டார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். பழையதை நான் எடுக்கும்போதெல்லாம் “விட்றா, டீ ஆறுது” என்று தள்ளிவிடுவார். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவர் மன்னித்துவிட்டார், கணக்குத் தீர்ந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவர் மனைவி பிலோமினாவையும் ரீட்டாவையும் உட்காரச் சொல்லி, இங்கே எழுதிய அத்தனையையும் சொன்னேன். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், என் வாயால் ஒருமுறை வரட்டும் என்றுதான் நினைத்தேன். பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு எதுவுமே தெரியாது.

“அந்த நோட்ட அந்த வருஷமே பழைய பேப்பருக்குப் போட்டுட்டாருண்ணே” என்றார் பிலோமினா. “ஏன் போடறன்னு கேட்டேன். இனிமே எதுக்குன்னாரு. கோவம் வந்தா நான் சொல்லிக் காட்டுவேன், உன் பொண்ணு வேலையையே கெடுத்த ஆளுதான நீயின்னு. ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. ஏழு வருஷம் என் வாயால அத வாங்கிக்கினே இருந்தாரு. நீங்க மாசாமாசம் வந்தீங்களே, ஒருநாளாவது சொல்லியிருக்கலாமேண்ணே.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

ரீட்டா இப்போது சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தேர்வு நின்றுபோன பிறகு ரொம்ப நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஒரே ஒரு தடவ கேட்டேன் அங்கிள். எல்லாத்தையும் எண்ணுவியே, அன்னிக்கு மட்டும் ஏம்ப்பா எண்ணிப் பாக்கலன்னு. ‘மறந்துட்டேம்மா’ன்னு சொன்னாரு.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “எழுதிக் குடுங்க அங்கிள். அவரத் தெரிஞ்சவங்க எல்லாரும் படிக்கணும்” என்றாள்.

எழுதிவிட்டேன் ரீட்டா. இதைப் படிக்கிற உங்கள் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி ஏதாவது ஒன்று இருக்கும். சரிசெய்து கொடுத்த கம்ப்யூட்டர், சொல்லிக்கொடுத்த பாடம், கிண்டலாகச் சொன்ன ஒரு வார்த்தை. இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். பெற்ற மகளிடம், எனக்காகச் சொன்னது. என்னிடம் இருப்பது அதுதான். நான் இருக்கும்வரை அது என்னோடு இருக்கும்.

ஆரோக்கியதாஸ் மறக்கவில்லை. எண்ணினார். எழுதி வைத்தார். என்னிடம் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.